பரோட்டாக் கல்லில் வெந்நீர்

அக்டோபர் 6, திங்கள்

காலை பதினொரு மணிக்குச் சுகாதார ஆய்வாளர் வந்து கடையை மூடச் சொல்லிவிட்டார். ஊரில் பதினேழு பேருக்கு மஞ்சள் காமாலை. அதில் ஒன்பது பேர் போன மாதம் எங்கள் கடையில் சாப்பிட்டவர்களாம். செம்பாறைப்புதூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பரோட்டா கிடைக்கிற கடை இது ஒன்றுதான். எந்தப் பதினேழு பேரைப் பிடித்து நிறுத்தினாலும் அதில் ஒன்பது பேர் என் கடையில் சாப்பிட்டவர்களாகத்தான் இருப்பார்கள். இதை அவரிடமே சொன்னேன். சின்ன வயது, மரியாதையாகத்தான் பேசினார். டிரம்மிலிருந்து இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சீட்டு ஒட்டி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

குடிக்க என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கல்லின் ஓரத்தில் தவலையை வைத்துச் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறோம் என்றேன். 'வாடிக்கையாளர்களுக்குக் கொதிக்க வைத்த நீர் மட்டுமே வழங்கப்படுகிறது' என்று அவரே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்துக் கேட்டார். ச. ஆவுடையப்பன் என்று முழுசாகப் போட்டுக் கொடுத்தேன்.

என் மனைவி வடிவு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடை இல்லை என்று ஆன பிறகும் மிச்ச வெங்காயத்தை உரித்து முடித்துத்தான் எழுந்தாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

கல்லைத் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்தேன். ஆறடிக்கு மூன்றடி. வேலை இல்லாத நாளில் பார்த்தால்தான் எவ்வளவு பெரிசு என்று தெரிகிறது.

அக்டோபர் 8, புதன்

எதிர்க்கடைப் பேச்சித்தாயின் மகள் மதிவதனிக்கும் காமாலை. ஒரு வாரமாகக் காய்ச்சல், வாந்தி. இன்றைக்குக் கண் மஞ்சளாகிவிட்டதால் தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பேச்சித்தாய் தையல்கடை வைத்திருக்கிறாள். கணவன் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டியில் வடக்கே வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். பிள்ளை ப்ளஸ் ஒன் படிக்கிறது. டியூஷன் விட்டு ஆறரை மணிக்கு வந்தால், அம்மா கடை அடைக்கிற வரை எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருக்கும். சாப்பிடுவதைவிடத் தண்ணீர்தான் அதிகம் குடிக்கும். "வெந்நி இன்னொரு தம்ளர் தாங்க பெரியப்பா" என்று கேட்டு வாங்கிக் குடிக்கும்.

பதினாறு வயது. இந்த வயதில் காமாலை வந்தால் பத்து நாளில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

குழாயை நிறுத்திவிட்டார்கள். லாரித் தண்ணீர்தான். அதையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நர்சம்மா ஞானசெல்வி வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார். அதில் ஐந்து விஷயம் போட்டிருந்தது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெளியில் பழம் நறுக்கியதை வாங்கித் தின்னக் கூடாது. தண்ணீர் பெரிய கொப்புளம் விட்டுக் கொதிக்க வேண்டும். கொதித்ததை மூடி வைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு.

நோட்டீஸை வடிவு வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் தகர டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

அக்டோபர் 10, வெள்ளி

நர்சம்மா திரும்பவும் வந்தார். கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். கீழத்தெருவில் முக்கால்வாசி வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். பெண்கள் காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, குடம் குடமாகக் கொதிக்க வைக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, கேஸும் காணாது. சொன்னால் தலையை ஆட்டுகிறார்கள், பிறகு அப்படியே குடிக்கிறார்கள் என்றார். இந்தக் கல்லில் ஒரே நேரத்தில் எத்தனை பாத்திரம் வைக்கலாம் என்று கேட்டார்.

பன்னிரண்டு வைக்கலாம் என்றேன்.

பிறகுதான், கடைக்கு ஆய்வாளர் தடை போட்டிருக்கிறாரே என்று இழுத்தேன். தடை பரோட்டாவுக்குத்தான், வெந்நீருக்கு இல்லை, நான் பேசிக்கொள்கிறேன் என்றார். மரமில்லில் கழிவுக்கட்டை அனுப்பச் சொல்லியும் விட்டார். அவ்வளவு வேகமான பெண்பிள்ளை.

சரி என்றேன். வடிவு என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அக்டோபர் 11, சனி

ஐந்தரைக்கே அடுப்பைப் பற்றவைத்துவிட்டோம். எட்டு மணி வரை ஒருவரும் வரவில்லை. ரோட்டில் போகிறவர்கள் கல்லையும் எங்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர், காமாலை கொடுத்த கையாலேயே மருந்தும் கொடுக்கிறான் என்று என் காதில் விழும்படி சொன்னார். வாடிக்கையாளர்தான்.

எட்டேகாலுக்குப் பேச்சித்தாய் வந்தாள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தவள், மாற்றுத்துணி எடுக்க வந்திருக்கிறாள். நேராகத் தையல்கடையைத் திறந்து குடத்தை எடுத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி வந்து என் முன்னால் நீட்டினாள். பஸ் ஸ்டாப்பில் இருபது பேர் நின்றிருப்பார்கள். எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னாள்.

"வெளிய எங்கயும் தண்ணி குடிக்காதளா, அண்ணாச்சி கடைல மட்டும் குடி, அங்க கொதிக்க வச்சுக் குடுக்காங்கன்னு எம்பிள்ளகிட்ட நாந்தான் சொல்லி வச்சிருந்தேன். இந்தக் கடையைப் போயி யாரு சொல்லுதா?"

குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று வடிவுதான் கேட்டாள். கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லையாம்.

ஒன்பது மணிக்கு மேல் கீழத்தெருவிலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் முப்பத்தொரு வீடு.

அக்டோபர் 12, ஞாயிறு

கல்லில் தண்ணீர் கொதிக்க வைப்பதும் ஒரு வேலைதான். குடம், பானை என்று அடி உருண்ட பாத்திரம் எதுவும் சரிப்படவில்லை. கல்லில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத்தான் ஒட்டுகிறது. முக்கால் மணி நேரமானாலும் ஆவிதான் வருகிறது, கொதி வரவில்லை. அடி தட்டையான பாத்திரம்தான் வேண்டும். இட்லிக் கொப்பரை, பெரிய குக்கர், கல்யாண மண்டபத்து அலுமினியப் பாத்திரம் எல்லாம் வந்து சேர்ந்தன. கல்லின் நடுவில் வைத்தது இருபத்தைந்து நிமிஷம், ஓரத்தில் வைத்தது நாற்பது நிமிஷம். மேற்கே இருந்து காற்று அடித்தால் இன்னும் பத்து. இரண்டு தகரத்தை நிறுத்திக் காற்றை மறைத்தேன். பாத்திரத்தை வைக்கும் முன் கல்லில் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு வைத்தால் சீக்கிரம் சூடு பிடிக்கிறது. இதை வடிவு கண்டுபிடித்தாள்.

சத்தம் வந்ததும் சிலர் எடுக்கப் பார்க்கிறார்கள். அது கொதி இல்லை. அடியிலிருந்து பெரிய கொப்புளம் எழுந்து மேலே வந்து உடைய வேண்டும். நிறுத்தாமல் ஐந்து நிமிஷம் அப்படி நடக்க வேண்டும். நான் கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கொதிக்கக் கொதிக்க எப்படிக் கொண்டு போவது என்று கேட்கிறார்கள். ஆறும்வரை காத்திருங்கள் என்கிறேன். கோபப்படுகிறார்கள். நானும் கோபப்படுகிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

உடைப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பாலத்துக்குக் கீழே சாக்கடையும் குடிதண்ணீர்க் குழாயும் ஒன்றுக்கொன்று தொட்டுக்கொண்டு போகிற இடத்தில் குழாய் வெடித்திருக்கிறது. எப்போது வெடித்ததோ, ஆகஸ்டு மழையிலேயே இருக்கலாம். மூன்று தெருக் குழாயிலும் கழிவுநீர் கலந்திருக்கிறது. எங்கள் டிரம்மில் எடுத்த தண்ணீரிலும் கிருமி இருந்ததாம், ஆனால் அது குழாயில் வந்த கிருமி.

ஆய்வாளர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க கொதிக்க வச்சுத்தான கொடுத்திருக்கீங்க சார். உங்க மேல ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள்ல கடையைத் திறக்க எழுதிக் கொடுத்துடறேன்" என்றார். வரிசையில் நின்றவர்கள், நாங்கள் அப்போதே நினைத்தோம் என்றார்கள். சனிக்கிழமை காமாலை கொடுத்த கை என்று சொன்னவரும் அதையே சொன்னார்.

கடை இப்போதைக்குத் திறக்கவில்லை, வெந்நீர் வேலை முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். பெரிய மனசு என்றார்கள்.

அக்டோபர் 15, புதன்

மதிவதனியைத் திருநெல்வேலிக்கு மாற்றிவிட்டார்கள். கல்லீரல் சரியாக வேலை செய்யவில்லையாம். ஆளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போகிறதாம். இந்தக் காமாலையில் ஆயிரத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் இப்படி ஆகும் என்று நர்சம்மா சொன்னார். கிருமி உடம்புக்குள் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும் என்றும் சொன்னார். செப்டம்பர்.

பெரியவர்களுக்கு ஏன் வரவில்லை, எங்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். சின்ன வயதிலேயே தெரியாமல் வந்து போயிருக்கும், அது காப்பாற்றும் என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

கல்லை வடிவிடம் விட்டுவிட்டுத் திருநெல்வேலி போனேன். இட்லியும் ஒரு பிளாஸ்க் வெந்நீரும் கொண்டு போனேன். பேச்சித்தாய் வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள், அதனால் கண்ணாடி வழியாகக் காட்டினாள். பிள்ளையின் முகம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல இருந்தது. கை மட்டும் அசைந்தது.

அவளிடம் பேச வேண்டியிருந்தது. பஸ்ஸில் வரும்போதே எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவள் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. இட்லியைப் பிரித்துக் கொடுத்தேன். ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள், பார்க்க வந்தது நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லி அழுதாள். அந்த நேரத்தில் போய் வேறு பேச்சு எடுப்பது சரியில்லை. நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

நாற்பத்தாறு வீடு. மழை. தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.

அக்டோபர் 18, சனி

மத்தியானம் ஒரு பாத்திரம் கொதித்து இறங்கியதும், கீழத்தெரு மாடத்தி என்கிற பெண் டிரம்மிலிருந்து ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை மொண்டு அதில் ஊற்றப் போனாள். சுடுகிறது, பிடித்துக்கொண்டு போக முடியவில்லை, கொஞ்சம் விளாவிக்கொள்கிறேன் என்றாள். நான் செம்பைத் தட்டிவிட்டேன். அவள் கையில் அடி பட்டிருக்கும். ரோடு முழுவதும் பார்க்கும்படி கத்தியிருக்கிறேன். அந்தப் பெண் மிரண்டுபோய் நின்றாள். வடிவு வந்து அவளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பிறகு வடிவு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அவளைப் போயி ஏசுதீங்க. பதினோரு வருசமா நாம ரெண்டு பேரும் ஊத்தலையா?"

எழுதிவிடுகிறேன். அந்த நோட்டீஸில் ஐந்தாவதாக இருந்தது இதுதான்: கொதித்த நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றக் கூடாது.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்லின் ஓரத்தில் தவலை ஏறும். சீரகம் போட்டு நன்றாகத்தான் கொதிக்கும். ஆறரை மணி பஸ் வந்ததும் கூட்டம் நெருக்கும். கொதிக்கிற தண்ணீரைத் தம்ளரில் ஊற்றினால் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு இடத்தை விட்டு எழ மாட்டார்கள். அதனால் தவலைக்கு இரண்டு செம்பு பச்சைத் தண்ணீர். நான் இல்லாவிட்டால் வடிவு ஊற்றுவாள். குடிக்கிற சூடு வந்துவிடும், சீரக வாசனையும் இருக்கும். எல்லோரும் வெந்நீர் என்றே குடித்தார்கள். நல்ல குழாய்த் தண்ணீர்தானே, நாங்களே அப்படியே குடிக்கிறோமே என்றுதான் நினைத்தேன். ஏமாற்ற வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இதையும் எழுதி வைக்கிறேன். எழுதிப் பார்த்தால் இது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

ஆய்வாளர் கேட்டபோது சொல்லியிருக்கலாம். பேனாவை நீட்டினார், போட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இன்றைக்கும் கல் எரிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து வரிசையில் நின்றார்கள். பாதிப் பேர் அதிரசமோ முறுக்கோ கொண்டுவந்து கொடுத்தார்கள். மாடத்தியும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

திருநெல்வேலியிலிருந்து தகவல் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 22, புதன்

பிள்ளை கண் விழித்துவிட்டது. பசிக்கிறது என்று கேட்டதாம். பேச்சித்தாய் வடிவுக்குப் போன் செய்து சொன்னாள். இரத்தத்தில் காமாலை அளவு இறங்கிக்கொண்டு வருகிறது, பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

போனை வைத்ததும் வடிவு கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அடுப்பில் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். சரியாகிவிட்டதே, இனி எதற்குப் பழசைக் கிளறுவது என்று தோன்றியது. சொன்னால் யாருக்கு என்ன நல்லது? பேச்சித்தாய்க்கு வேதனைதான்.

அக்டோபர் 25, சனி

பேச்சித்தாய் ஊருக்கு வந்தாள், தைத்து வைத்த துணிகளைக் கொடுக்க. பத்து நாளில் பாதி ஆளாகிவிட்டாள். வடிவு கட்டாயப்படுத்தி உட்காரவைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

காய்ச்சல் வந்த மறுநாளே ஊரில் காமாலை பரவுகிறது என்று பேச்சு வந்திருக்கிறது. எங்கே தண்ணீர் குடித்தாய் என்று பிள்ளையைக் கேட்டிருக்கிறாள். பாட்டிலில் கொண்டு போனதும், பெரியப்பா கடை வெந்நீரும் தவிர எங்கேயும் குடிக்கவில்லை என்று பிள்ளை சொல்லியிருக்கிறது. வீட்டில் கொதிக்க வைத்து ஆற்றித்தான் பாட்டிலில் ஊற்றுகிறாள். அப்படியானால் எப்படி வந்தது? பள்ளிக்கூடத்துக் குழாயில் குடித்துவிட்டுப் பொய் சொல்கிறாய் என்று, காய்ச்சலில் கிடந்த பிள்ளையை இரண்டு அறை அறைந்திருக்கிறாள்.

"இப்பவும் கேக்கேன் மைனி. ஒண்ணும் சொல்ல மாட்டேன், உண்மையச் சொல்லுன்னு கேக்கேன். குடிக்கவே இல்லம்மான்னுதான் சொல்லுதா. செத்துப் பொழச்ச பிறகும் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு பொய் எங்கிருந்து வருது? நேத்து எங்கூடப் பேசவே இல்ல, சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா."

வடிவு சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே வந்து கல்லைத் துடைத்தேன். சூடாக இருந்த கல்லைத் துடைத்து விரலைச் சுட்டுக்கொண்டேன். பேச்சித்தாய் நாலரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் எழுந்தபோது வடிவு ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். கல்லை இன்றைக்கு மாடத்தி பார்த்துக்கொள்வாள், சொல்லிவிட்டேன், வாருங்கள் என்றாள்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்ப மரத்தடியில் சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. பேச்சித்தாயை அங்கே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். நான் நின்றுகொண்டேதான் பேசினேன். தயாரித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை.

"ஏம்மா, உன் பிள்ள பொய் சொல்லல. நான் குடுத்தது முழு வெந்நி இல்ல. கொதிக்க வச்சதுல ரெண்டு செம்பு பச்சத் தண்ணி ஊத்தித்தான் குடுத்தேன். தெனமும்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். நானும்தான் ஊற்றினேன் என்று வடிவு சொன்னாள்.

பேச்சித்தாய் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கையை வைத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். "அப்ப எம்பிள்ள பொய் சொல்லல" என்றாள். எங்களிடம் சொன்னதுபோல இல்லை. எழுந்து வார்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.

பாதி வழியில் நின்று திரும்பி வந்தாள். "அண்ணான்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "எங்கிட்ட மட்டும் சொன்னா போதுமா? ஊருல எத்தன பிள்ளைய காமாலைல கெடந்துச்சு" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அக்டோபர் 27, திங்கள்

காலை வரிசையில் முப்பது பேர் இருக்கும்போது சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களும் கேட்டிருப்பார்கள். பெரிய பேச்சு இல்லை. பேச்சித்தாயிடம் சொன்ன அதே இரண்டு வாக்கியம்தான். கடையில் குடித்து யாருக்காவது காமாலை வந்திருந்தால் அதில் என் கையும் உண்டு என்றேன்.

யாரும் கத்தவில்லை. ஒரு பெண் தன் கொப்பரையைக் கல்லிலிருந்து இறக்கிச் சுடுதண்ணீரை ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போனாள். அவள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படுத்து எழுந்தவர்கள். பிறகு பலபேர் போனார்கள்.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்ட தாளை மாற்ற வேண்டும் என்றேன். அவருக்குச் சங்கடம். முடிந்துபோன கோப்பு, எதற்கு சார் என்றார். எழுதித்தான் ஆக வேண்டும் என்று நின்றேன். எழுதினார். மூன்று மாதத்துக்குக் கடை திறக்கக் கூடாது, பிறகு சோதனை செய்து பார்க்கலாம் என்று உத்தரவு வரும் என்றார். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஏழு வீடு. மாடத்தி வந்தாள். நர்சம்மா வந்தார், என்னோடு பேசவில்லை, ஆனால் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் நின்று கொதியைப் பார்த்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு டீக்கடை நாகூர்கனி பாய் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தோடு வந்தார். அவருக்கு பாய்லர் இருக்கிறது, இங்கே வர வேண்டிய அவசியமே இல்லை. பாத்திரத்தைக் கல்லின் நடுவில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நானும் அப்படித்தான் விளாவிக் குடுக்கேன் அண்ணாச்சி. முந்தாநாளு வரைக்கும்" என்றார். ஆறும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் கடையில் ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அக்டோபர் 31, வெள்ளி

மதிவதனியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பன்காரனும் வந்திருக்கிறான். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பிள்ளை இந்தப் பக்கம் பார்த்துக் கையை லேசாகத் தூக்கியது. பேச்சித்தாய் அதன் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். தாயும் மகளும் ஒட்டி நடந்து போனதை வடிவு வாசலில் நின்று பார்த்தாள்.

சாயங்காலம் அப்பன்காரன் ரோட்டைத் தாண்டி வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்வதென்று நின்றேன். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தான். பிறகு திரும்பிப் போய்விட்டான். அடித்திருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

நவம்பர் 5, புதன்

பதினெட்டு வீடு. குழாயை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்து நாளாவது ஆகும்.

நவம்பர் 9, ஞாயிறு

வடிவுக்கு முதுகுவலி. நான் தனியாகப் பார்த்தேன். கொப்பரையைக் கவிழ்த்துவிட்டதில் முழங்காலுக்குக் கீழே வெந்துவிட்டது. மாடத்தி விடாமல் ஏசிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். மருந்து போட்டிருக்கிறது. பெரிய காயம் இல்லை.

பேச்சித்தாய் தினமும் தன் கடையிலேயே கொதிக்க வைக்கிறாள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டவ்வைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். தைத்துக்கொண்டே பார்த்துக்கொள்வாள். ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரிகிறது. காலையில் அவள் கடையைத் திறக்கும்போது நான் நிமிர்ந்து பார்க்கிறேன். அவள் பார்ப்பதில்லை. வடிவிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசுகிறாளாம்.

நவம்பர் 13, வியாழன்

முப்பத்தைந்து வீடு. கொப்பரைத் தண்ணீரை ரோட்டில் கொட்டிவிட்டுப் போனவளும் வந்தாள். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனாள்.

நவம்பர் 17, திங்கள்

மதிவதனி இன்று பள்ளிக்கூடம் போனாள். அம்மா பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். பிள்ளை மெலிந்துதான் இருக்கிறது, ஆனால் கண் வெளுத்துவிட்டது. பஸ் ஏறும்போது, "போயிட்டு வாரேன் பெரியப்பா" என்றது. பேச்சித்தாய் அதைத் தடுக்கவில்லை. பஸ் போன பிறகு நேராகத் தையல்கடைக்குப் போய்விட்டாள்.

பதினொரு மணிக்குத் தலையை நிமிர்த்தினால் அவள் வரிசையில் நிற்கிறாள். கையில் தட்டையான எவர்சில்வர் பாத்திரம். கேஸ் தீர்ந்துவிட்டது என்று முன்னால் நின்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நாலு பேர். கூப்பிட்டு முதலில் வாங்கிக்கொள்ளச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அவள் முறை வந்தது. பாத்திரத்தை வாங்கி நிரப்பிக் கல்லின் நடுவில் வைத்தேன். ஓரமாகப் போய் நிற்காமல் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றாள். இருபத்தைந்து நிமிஷம் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொப்புளம் எழுந்ததும் அவள் என் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் ஆனதும் துணியைப் பிடித்து இறக்கி பெஞ்சில் வைத்தேன்.

"மூடி இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன். மூடிவிட்டு, பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.